ஒரு கோப்பைக் கோப்பியும் ஒரு குடும்பத்தின் கணக்கும்

எங்கள் கல்லூரி விடுதியில் வாழ்ந்த பழைய மாணவர் எவரும் அங்கு கிடைத்த அதிகாலைக் கோப்பியை மறந்திருக்க மாட்டார். மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து வறுத்து இடித்த தூளின் மணம் சமையற்கூடத்திலிருந்து புறப்பட்டுப் படிப்பு மண்டபத்தை அடையுமுன்னரே எங்கள் உறக்கம் கலைந்துவிடும். அக்கோப்பிக்கு நாங்கள் கையாற் காசு கொடுத்ததில்லை. தந்தையார் கட்டிய விடுதிப் பணத்துள் அதுவும் அடங்கியிருந்தது. விலை தெரியாத பொருளுக்குக் கணக்கும் இல்லை. அக்கணக்கை நான் கற்றது கல்லூரியிலன்று. ஆசிரிய நியமனம் பெற்று மலைநாட்டிற்கு வந்த பின்னரேயாம்.

அட்டன் பகுதியில் ஒரு தோட்டப் பாடசாலையில் எனக்கு முதல் நியமனம் கிடைத்தது. யாழ்ப்பாணத்து வெயிலிற் பழகிய உடலுக்கு அம்மலைக் குளிர் பெருஞ் சோதனை. காலையிற் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு கோப்பை, இடைவேளையில் ஒரு கோப்பை, பாடசாலை விட்டதும் ஒன்று, மாலையிற் கடைத்தெருவில் நண்பருடன் இரண்டு என்று நாட்கள் கழிந்தன. தீபாவளிக்கு ஊருக்குப் புறப்படும் வேளையில் என் கையிற் பஸ் கட்டணத்துக்குங் காசில்லை. உடனாசிரியர் ஒருவரிடங் கடன் பெற்றே வீடு சென்றேன். திரும்பி வந்தபோது எங்கள் தலைமை ஆசிரியர் ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தை என்னிடந் தந்து, “தம்பி, ஒரு மாதத்துக்கு எல்லாவற்றையும் எழுதிப் பாரும், எதையுங் குறைக்க வேண்டாம், எழுதினாற் போதும்” என்றார். மாத முடிவிற் கூட்டிப் பார்த்தபோது, என் அறை வாடகையை விடத் தேநீர்க் கடைக்குக் கொடுத்த தொகையே மிகுந்திருந்தது. அன்று தொடங்கிய ஆராய்ச்சியின் பயனே இக்கட்டுரை.

மலைகளிற் கோப்பி வாழ்ந்த காலம்

இன்று தேயிலையாற் பச்சைப் பட்டு உடுத்து நிற்கும் இம்மலைகள் ஒருகாலத்திற் கோப்பி மலைகளாக இருந்தன என்பதை எம்மிற் பலர் பாடப் புத்தகத்தில் வாசித்ததோடு மறந்திருப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கை உலகின் பெருங் கோப்பி விளைநிலங்களுள் ஒன்றாயிருந்தது. தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியே காடு கடந்து நடந்துவந்த தமிழ்த் தொழிலாளர், கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் உழைத்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர்.

1869 ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளின் அடியிற் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருக்கக் கண்டனர். ‘ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்’ எனப் பெயரிடப்பட்ட ஒரு பூஞ்சணத்தின் வேலை அது. முதலில் அதனை எவரும் பெரிதாக எண்ணவில்லை. கோப்பியின் விலை உயர்ந்து நின்றமையால், விளைச்சல் குறைந்தும் வருமானங் குறையாதது போலத் தோன்றியது. தோட்ட முதலாளிகள் கடன் வாங்கி மேலும் காடு வெட்டிக் கோப்பியே நட்டனர். பிரித்தானியாவிலிருந்து வந்த மார்ஷல் வார்ட் என்னுந் தாவரவியலறிஞர் 1880 தொடக்கம் 1882 வரை ஈண்டுத் தங்கி நோயின் இயல்பை விளக்கினார். ஆயினும் காலங் கடந்துவிட்டது. 1884 மே மாதத்தில், தோட்டங்களுக்குப் பெருங்கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் முறிந்தது. அவ்வங்கியின் தாள்களே நாட்டிற் புழங்கியமையால் மக்கள் திகைத்தனர். ஆளுநர் ஆதர் கோடன் அத்தாள்களுக்கு அரசு பொறுப்பு என அறிவித்த பின்னரே அச்சம் தணிந்தது. பட்டுப்போன கோப்பி மரங்கள் தேநீர் மேசைகளுக்குக் கால்களாகக் கப்பலேறின என்று கூறுவர்.

இதற்கிடையில் 1867 இலேயே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி அழிந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. பருவத்துக்கு மட்டும் கைகள் வேண்டிய கோப்பியைப் போலன்றித் தேயிலைக்கு ஆண்டு முழுவதுங் கொழுந்து பறிக்க வேண்டும். ஆதலின் வந்து போன தொழிலாளர் குடும்பமாக லயங்களிற் குடியேறினர்.

சிக்கனக் கட்டுரையில் இவ்வரலாறு எதற்கு என அன்பர் வினவலாம். நோய் கண்ட பின்னும் விலையின் ஏற்றத்தை நம்பிச் செலவை அகலித்தவர்கள் வீழ்ந்தனர் என்னும் பாடம் இதில் உண்டு. வள்ளுவப் பெருந்தகை, வருவாய் குறுகியிருப்பதால் மட்டும் ஒருவனுக்குக் கேடு வருவதில்லை, செலவின் வாயில் அதனினும் அகலும்போதே வரும் என்னுங் கருத்தை வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தார். தன் பணப்பையின் அளவறிதலும் தன் வலி அறிதலேயன்றோ!

கோப்பையின் உட்கணக்கு

ஒரு கோப்பைப் பால் தேநீரில் என்னென்ன செல்கின்றன என நிறுத்துப் பார்ப்போம். தேயிலைத் தூள் ஏறத்தாழ 2 கிராம். சீனி இரண்டு தேக்கரண்டி, அதாவது 8 கிராம். பால்மா 10 கிராம். இவ்வளவின்படி ஒரு கிலோத் தேயிலையில் 500 கோப்பை தேநீர் ஊற்றலாம். ஒரு கிலோச் சீனி 125 கோப்பைக்குப் போதும். 400 கிராம் பால்மாப் பொதியோ 40 கோப்பையோடு தீர்ந்துபோகும். கோப்பியாயின் ஒரு கோப்பைக்கு 8 கிராம் தூள் என்று கொண்டால், ஒரு கிலோவில் 125 கோப்பை கிடைக்கும்.

இதனால் விளங்குவது யாது? எமது வீடுகளிற் சிக்கனம் என்றதும் முதலிற் கைவைக்கப்படுவது தேயிலையிலேயாம். ஒருமுறை ஊற்றிய சக்கையை மீண்டுங் கொதிக்க வைப்பார்கள். இரண்டாம் முறை இறங்குவது கசப்பும் துவர்ப்புமே. மிஞ்சுவதோ ஒரு கிராமின் விலை. கோப்பையிற் பெருஞ்செலவு தேயிலையன்று, பால்மாவேயாகும்.

2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை எவர் மறப்பர்? 400 கிராம் பால்மாப் பொதியின் விலை 790 ரூபாயாயிற்று. ஒரு கோப்பைக்குப் பாலின் பங்கு மட்டும் ஏறத்தாழ 20 ரூபாய். கடைகளிற் பால் தேநீர் 100 ரூபாய்க்கு உயர்ந்தது. 2021 மார்ச்சில் நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளமோ 1,000 ரூபாய். நாள் முழுவதும் மழையிலும் அட்டைக்கடியிலுங் கொழுந்து பறித்த பெண், அச்சம்பளத்தில் ஐந்தில் நான்கு பங்கைக் கொடுத்தாலே தன் பிள்ளைகளுக்கு ஒரு பொதி பால்மா வாங்க முடியும் என்ற நிலை அது. ஐவர் உள்ள வீட்டில் நாளுக்கு இருவேளை பால் தேநீர் ஊற்றினால் அப்பொதி நான்கு நாளிற் தீரும். பின்னர் 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பொருள்களின் விலையும் அதற்குள் உயர்ந்திருந்தது.

மாதச் சம்பளம் பெறுவோரின் கணக்கையும் அதே 2022 மார்ச் விலையிற் பார்ப்போம். கடையில் நாளுக்கு மூன்று பால் தேநீர் அருந்துபவர், வேலை நாள் 25 எனக் கொண்டால், மாதம் 7,500 ரூபாய் செலவிட்டார். அதே தேநீரை வீட்டில் ஊற்றினால் விறகோ எரிவாயுவோ உட்படக் கோப்பை 30 ரூபாய்க்குள் அடங்கும். மூன்றில் இரண்டை மட்டும் சுடுநீர்க் குடுவையில் வீட்டிலிருந்து கொண்டு சென்றால், கோப்பைக்கு 70 ரூபாயாக மாதம் 3,500 ரூபாயும் ஆண்டுக்கு 42,000 ரூபாயும் மிஞ்சும். கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று இதனாற் கருதுதல் தகாது. வாடகை, அடுப்பு, வேலையாள் கூலி யாவும் அந்த நூறு ரூபாயிலேயே அடங்குகின்றன. மூன்றாவது கோப்பையை அவரிடமே அருந்துக. நண்பரோடு பேசியிருக்கவும் ஓரிடம் வேண்டுமன்றோ!

சிக்கனத்தின் வழிகள்

முதலாவது, நீரைப் பற்றியது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தங் குறைவதால் நீர் விரைவிற் கொதிக்கும். இங்கு அது கொதிப்பது ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலேயாம். எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்திருந்தாலும் அதற்குமேற் சூடு ஏறாது, விறகே கரியும். ஆதலின் கொதித்தவுடன் இறக்கி, தேயிலையில் ஊற்றி, மூடிவைத்து ஐந்து நிமிடம் பொறுத்தல் வேண்டும். தாழ்நாட்டிற் போலத் திறந்த பாத்திரத்தில் உடனே வடித்தால் முழுச் சாரமும் இறங்காது. அதனாலேயே பலர் இங்கு மேலும் ஒரு கரண்டித் தூள் போடுகின்றனர். தேவையான கோப்பைக் கணக்கிற்கு மட்டும் நீரை அளந்து வைப்பதும் எரிபொருளைக் காக்கும்.

இரண்டாவது, தேயிலையின் வகை பற்றியது. ‘டஸ்ட்’ என்றால் ஆலையிற் கூட்டி அள்ளிய குப்பை என்று பலர் எண்ணுகின்றனர். அஃது தவறு. சல்லடையிற் பிரிக்கும்போது மிகச் சிறிய துகளாக வரும் தரத்துக்கே அப்பெயர் வழங்குகிறது. கழிவுத் தேயிலை என்பது வேறு. துகள் சிறிதாயின் நீர் படும் பரப்பு மிகும். நிறமுஞ் சாரமும் விரைந்து இறங்கும். ஆதலிற் பாலோடு அருந்துவோர்க்கு டஸ்ட் தூளே சிக்கனமானது. இன்னொன்றுங் கருதத் தக்கது. நுவரெலியாத் தேயிலை நிறத்தில் இளையது, மணத்திற் சிறந்தது. அதன் மணத்தைப் பால் மறைத்துவிடும். அதனை வெறுந் தேநீராக, ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு அருந்துவதே அத்தேயிலைக்குச் செய்யும் மரியாதை. சீனியைக் கோப்பையிற் கரைப்பதிலும் கட்டியைக் கடித்துக் குடிப்பதிற் குறைந்த இனிப்பே போதும். எங்கள் பாட்டிமார் கண்ட இச்சிக்கனத்தைக் கஞ்சத்தனம் என இளமையில் நகைத்தோம்.

மூன்றாவது, கோப்பி பற்றியது. பச்சைக் கோப்பிக் கொட்டையை வறுக்கும்போது நீர் வற்றி ஆறில் ஒரு பங்களவு எடை குறையும். ஒரு கிலோக் கொட்டையில் 800 முதல் 850 கிராம் வரையே தூள் கிடைக்கும். கடைத் தூளின் விலையோடு ஒப்பிடும்போது இக்குறைவைச் சேர்த்தே கணக்கிடல் வேண்டும். இடித்த தூள் சில வாரங்களில் மணம் இழக்கும். மலைநாட்டு ஈரக்காற்றில் விரைவிற் கட்டிபடும். ஆகவே கொட்டையாக வைத்துக்கொண்டு, சிறிது சிறிதாக வறுத்திடித்து, காற்றுப் புகாத கண்ணாடிப் போத்தலில் அடைத்து வைக்க. மல்லியும் வேர்க்கொம்பும் கலக்கும் எமது வழக்கம் கோப்பித் தூளின் அளவைக் குறைத்து, குளிருக்கும் இதமளிக்கும். கடைத் தூளிற் சிக்கரி கலந்துள்ளதோ என அறிய, ஒரு கிளாசில் உள்ள குளிர்ந்த நீரின் மேற் சிறிது தூவிப் பார்க்கலாம். கோப்பித் தூள் சிறிது நேரம் மிதக்கும். சிக்கரியோ நிறத்தைக் கசியவிட்டு விரைந்து அமிழும்.

நான்காவது, வீட்டுத் தோட்டம். கொத்மலை, வலப்பனை, ஹங்குரன்கெத்த போன்ற இடைநிலை உயரங்களில் வீட்டோரங்களிற் கோப்பிச் செடிகள் இன்றும் உள்ளன. நட்ட மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டிற் காய்க்கத் தொடங்கும். ஐந்தாறு கிலோச் செம்பழத்திலிருந்து ஒரு கிலோ உலர்ந்த கொட்டை கிடைக்கும். சில செடிகள் ஒரு வீட்டின் தேவையிற் பெரும்பகுதியை நிறைவேற்றும். நுவரெலியா நகரின் தாழ்ந்த வெளிகளில் தை, மாசியில் விழும் உறைபனி இளங்கன்றுகளைக் கருக்கிவிடும் என்பதையும் மறத்தலாகாது.

இறுதியாக, குறைக்க விரும்புவோர் படிப்படியாகக் குறைப்பாராக. ஐந்து கோப்பை அருந்தியவர் ஒரே நாளில் நிறுத்தினால், கபேயின் இன்மையாற் தலைவலியுஞ் சோர்வும் வரும். மூன்றாம் நாள் மீண்டுங் கடை வாசலில் நிற்பார். வாரத்துக்கு ஒரு கோப்பையாகக் குறைத்தால் உடல் இசைந்துவிடும்.

எங்கே சிக்கனம் பேசலாகாது

இவ்வறிவையெல்லாந் தேடிவைத்துக்கொண்டு, 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நடந்த பெற்றோர் கூட்டமொன்றிற் சிக்கனம் பற்றிப் பேசினேன். பால்மாக் கணக்கையும் சீனிக் கணக்கையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். பேச்சு முடிந்ததும் கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்திருந்த ஒரு தாய் எழுந்தார்.

“சேர், பால்மா வாங்குறத நிறுத்தி நாலு மாசமாச்சு. சீனியையும் பாதியாக்கிட்டோம். புள்ளைங்க காலையில வெறுந் தேத்தண்ணியக் குடிச்சிட்டுத்தான் ஸ்கூலுக்கு வருதுங்க. இனி எதைக் குறைக்கணும்னு நீங்களே சொல்லுங்க.”

என்னிடம் விடையில்லை. அவர் கோபங்கொண்டு கேட்கவில்லை. கணக்குத் தெரிந்தவர் சொல்வார் என்று உண்மையாகவே கேட்டார். அதுவே என்னை மிகவும் வருத்தியது.

கடையிற் பணங்கொடுத்து அருந்தும் எனக்குத் தேநீர் ஒரு பழக்கம். அவ்வீட்டுப் பிள்ளைக்கோ அதுவே காலை உணவு. பழக்கத்திற் செய்யுஞ் சிக்கனம் பணத்தைத் தரும். உணவிற் செய்யும் சிக்கனம் உடலை எடுக்கும். வெறுந் தேநீர் பசியை மறைக்குமேயன்றித் தீர்க்காது. உணவோடு சேர்த்து அருந்துந் தேநீரும் கோப்பியும் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கின்றன. இரத்தச்சோகை மிகுந்த தோட்டப்புறப் பெண்களும் பிள்ளைகளும் உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுதல் நன்று. காசு செலவின்றி அவ்வீட்டுக்கு நான் சொல்லத்தக்க ஆலோசனை அஃதொன்றே. அதனை அன்று சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் ஆசிரியர் அறையிற் கூடிப் பேசினோம். இடைவேளைக்குக் கடையிலிருந்து தருவித்த பால் தேநீரை நிறுத்திக்கொண்டு, வெறுந் தேநீரை நாங்களே ஊற்றிக்கொள்வதென்றும், மிஞ்சும் பணத்தை ஒரு தகரப் பேணியில் இடுவதென்றும் முடிவாயிற்று. எட்டு ஆசிரியர், ஆளுக்கு நாளொன்றுக்கு 80 ரூபாய், வாரத்துக்கு 3,200 ரூபாய். அதைக் கொண்டு கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு அவித்த கடலையும் சில நாளிற் பயற்றங் கஞ்சியுங் கொடுத்தோம். எல்லாருக்கும் போதவில்லை, விலை ஏற ஏற அளவும் குறைந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி முந்திய ஆண்டினும் 69.8 சதவீதம் உயர்ந்து நின்றது. எனினும் இரண்டு தவணைகள் அப்பேணி வெறுமையாகவில்லை. காலைப் பிரார்த்தனையில் மயங்கிச் சரியும் பிள்ளையைத் தூக்கிச் செல்லும் வேலை எங்களுக்குக் குறைந்தது.

மிச்சம் சேர வேண்டிய இடம்

மிஞ்சிய காசைச் சட்டைப் பையில் விட்டால் அது வேறொரு கடைக்குப் போய்விடும். ஆதலின் அதற்கு ஓர் இடம் வேண்டும். இந்நாட்டில் 1885 ஆம் ஆண்டிலேயே தபால் நிலையச் சேமிப்பு வங்கி தொடங்கப்பட்டது. 1971 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய சேமிப்பு வங்கி அதன் பணியை ஏற்றது. தபால் நிலையத்திற் சிறுதொகை இடும் வசதி தோட்டப்புறத்தார்க்கும் உண்டு. சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களுக்கான சட்டமும் 1911 முதல் வந்துள்ளது. லயத்துப் பெண்கள் நடத்துஞ் சீட்டு இவையெல்லாவற்றினும் அவர்களுக்கு நெருக்கமானது. பத்துப் பேர் மாதந்தோறும் ஒரு தொகை இட்டு, முறை வைத்து ஒருவர் எடுப்பர். பிள்ளையின் பரீட்சைக் கட்டணமும் கூரைத் தகரமும் அதிலிருந்தே வருகின்றன. அறிந்தவர்க்குள் நடக்கும்வரை அது நல்ல ஏற்பாடு. ஒருவர் முதலில் எடுத்துக்கொண்டு விலகினால் ஒன்பது வீடுகள் அழும்.

இம்மலைநாட்டின் பழைய கணக்கொன்றையும் எண்ணிப் பார்த்தல் தகும். அட்டன் நகரில் 1888 இலேயே தோட்டத்துரைமாரின் தேவைக்காக ஒரு வங்கி தோன்றிவிட்டது. அதே காலத்திற் தொழிலாளியின் கையில் இருந்ததோ ‘துண்டு’ எனப்பட்ட கடன்சீட்டு. ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குச் செல்ல வேண்டுமாயின், அவர் பேரிலுள்ள கடன் அச்சீட்டில் எழுதப்பட்டு அவரோடு பயணஞ் செய்யும். 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே அவ்வழக்கம் ஒழிக்கப்பட்டது. ஒருவருக்குச் சேமிப்புப் புத்தகமும் மற்றவருக்குக் கடன்சீட்டும் தந்த உலகில், கடன்சீட்டுக்காரரைப் பார்த்துச் சிக்கனங் கற்பிப்பது அறமாகாது.

பழைய மாணவ நண்பர்களே! எம்மிற் பெரும்பாலோர் இன்று கொழும்பிலும் இலண்டனிலும் தொறொன்ரோவிலும் நல்வாழ்வு வாழ்கின்றோம். எம் கோப்பை பழக்கக் கோப்பையேயன்றிப் பசிக் கோப்பையன்று. நாளுக்கு ஒரு கடைக் கோப்பையை வீட்டுக் கோப்பையாக மாற்றினால் எவருடைய வாழ்விலும் இன்பங் குறையாது. அம்மிச்சத்திற் பாதி எமக்கு. மறுபாதி, படிக்கும் ஆற்றலிருந்தும் காலை உணவின்றி வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு. அப்பிள்ளை எம் கல்லூரி விடுதியிலும் இருக்கலாம். அட்டன் மலையில் ஒரு லயத்திலும் இருக்கலாம். விடுதியில் எமக்கு விலை தெரியாமற் கிடைத்த அந்த அதிகாலைக் கோப்பிக்கு, யாரோ ஒருவர் தம் செலவைச் சுருக்கிப் பணங் கட்டியிருந்தார். அக்கடனை இப்பொழுது நாம் தீர்க்கலாம்.

தலைமை ஆசிரியர் தந்த அச்சிறு குறிப்புப் புத்தகம் இன்னும் என்னிடம் உள்ளது. அன்று அவர் சொன்னதையே நானுஞ் சொல்லி முடிக்கின்றேன்: ஒரு மாதம் எழுதிப் பாருங்கள், எழுதினாற் போதும்.